மகளுக்காக வாங்கிய டோக்கன்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் என் பிரஷர் மெஷினும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ போனை எடுத்திருந்தால் நம்ப வேண்டியிருக்காது, தெரிந்தே இருக்கும்.

உன் அம்மா போன பிறகு நம் வீட்டில் ஆளுக்கொரு கிறுக்கு பிடித்திருக்கிறது. மார்பில் கட்டி இருப்பதை, உன் கல்யாணம் முடியட்டும் என்று அவள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். சொன்னபோது நேரம் கடந்துவிட்டது, வைத்தியம் அவளைப் பாடாய்ப் படுத்தியதுதான் மிச்சம். அன்றிலிருந்து உன் அண்ணன் எண்ணெயைக் கண்டால் கடன்காரனைக் கண்டதுபோல் முகத்தைத் திருப்புகிறான், வேகவைத்த காய்கறியைத் தராசில் நிறுத்துத் தின்கிறான், என்னைக் கூப்பிட்டு நடந்தேனா என்று கேட்டு, ஆமாம் என்றதும் போனை வைத்துவிடுகிறான். நீ ஆஸ்பத்திரி இருக்கும் தெருவைக்கூடத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போகிறாய். நானோ ஒரு தும்மலுக்கும் டாக்டரிடம் ஓடுகிறேன். போன வாரம் இடது காது சூடாக இருக்கிறது என்று போனேன். அவர் பார்த்துவிட்டு, "அந்தப் பக்கமாப் படுத்திருக்கீங்க சார், அவ்வளவுதான். வீட்ல பேச யாரும் இல்லையா?" என்றார். காதுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. மருந்தும் எழுதித் தரவில்லை.

அம்மாவுக்கு வந்திருந்தால் மகள் முன்கூட்டியே பரிசோதித்துக்கொள்வது நல்லது என்றும் அவர்தான் சொன்னார். சொன்னால் நீ கேட்க மாட்டாய். எனவே நானே உனக்கு நாள் குறித்துவிடலாம் என்று மார்பகப் பரிசோதனை நிலையத்துக்குப் போனேன். உள்ளே எல்லோரும் பெண்கள். நைசாகத் திரும்பிவிடலாம் என்றால், இழுக்க வேண்டிய கதவைத் தள்ளிக்கொண்டு நின்றேன், அத்தனை பேரும் பார்த்துவிட்டார்கள். அதற்குமேல் வெளியே போனால் மரியாதையா? வரிசையில் நின்றேன். ரயிலில் டிக்கெட் பரிசோதித்த கை சும்மா இருக்குமா, முன்னால் இருந்தவரிடம் டோக்கனைக் கேட்டுவிட்டேன். அவரும் காட்டினார். அவருக்கு அடுத்தவரும் காட்டினார். இடம் மாறி உட்கார்ந்திருந்த ஒருவரை எழுப்பி முறைப்படி உட்காரவைத்தேன். அதற்குள் நர்ஸ் வந்து பேஷன்ட் யார் என்றாள். என் மகள் என்றேன். எங்கே என்றாள். வேறு ஊரில், போனை எடுக்க மாட்டாள் என்றேன். "அப்ப நான் யாருக்குங்க டெஸ்ட் பண்றது?" என்றாள். கூடமே சிரித்தது. சிரித்து முடித்து, உன் பெயரை எழுதிக்கொண்டு ஒரு டோக்கனும் தந்தாள்.

தலையில் துணி கட்டியிருந்த ஒரு அம்மா மட்டும் பையை மடியில் எடுத்துவைத்து இடம் விட்டார். "உட்காருங்க. எங்க வீட்டுக்காரர் வாசல் வரைக்கும்கூட வர மாட்டார்" என்றார். முடி கொட்டியபோது உன் அம்மா என்னிடம், "சீப்பும் உங்களை மாதிரி ரிட்டையர் ஆயிடுச்சு" என்று சொன்னதை அவரிடம் சொன்னேன். சிரித்தார். அதை யாரிடமாவது சொல்லி வெகுநாளாகிறது. அவரை உள்ளே கூப்பிட்ட பிறகு எனக்கு அங்கே வேலை இல்லை. ஆனாலும் மூடும்வரை உட்கார்ந்திருந்தேன்.

புதன்கிழமை காலை உனக்கு நாள் குறித்திருக்கிறார்கள். வராவிட்டால் நானே அங்கு வந்து உன்னைக் கையோடு இழுத்து வருவேன், அப்புறம் மாப்பிள்ளை முன்னால் மானம் போகிறது என்று சொல்லக் கூடாது. அவருக்கு என் அன்பு. நல்ல பசியும் நல்ல தூக்கமுமாக இரு.

உன் அப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது நீயே கூப்பிட்டுவிட்டாய். ஆகவே மேலே எழுதியது அத்தனையும் ரத்து. போன மாதமே பரிசோதனை செய்துகொண்டாய், ஒன்றும் இல்லை என்கிறாய். எனக்குக் காலே தரையில் நிற்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீங்க பயந்துடுவீங்கப்பா" என்றாய். தனியாகவா போனாய் என்றால் பேச்சை மாற்றுகிறாய். உன் அம்மாவும் இப்படித்தான் மாற்றுவாள். புதன்கிழமைக்குக் குறித்ததை ரத்துசெய்யப் போன் போதுமாம். நான் நேரில் போகிறேன். அடுத்த முறை போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போ. ஒன்றும் பேச மாட்டேன். கொஞ்சம் பேசுவேன்.