புகை போட்ட டயர்கள்

தனியாக இருப்பவனுக்கு எதைப் படித்தாலும் அது தனக்காகவே எழுதப்பட்டதாகத் தோன்றும். அப்படிப்பட்டவன் கையில் பழைய பத்திரிகையைக் கொடுக்கலாம். நாலு டயரைக் கொடுக்கக் கூடாது.

வெள்ளைக்காரர் ஆட்சியின் கடைசியில், காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் துப்பாக்கியோடு திரிந்த அவசரகாலத்தில், நான் புக்கிட் செலம்பாவுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் கணக்கு எழுதும் சின்னக் கிராணி. (எந்த ஆண்டு என்பதில் எனக்கும் என் மனைவிக்கும் இன்னும் தகராறு. இது நடந்தது தைப்பூசத்துக்கு முந்திய ஞாயிறு என்பதில் மட்டும் ஒற்றுமை.) தொழிலாளர் லயங்களைச் சுற்றி ஒரு முள்வேலி, ஆபீசைச் சுற்றி இன்னொன்று. ஆபீஸ் வேலிக்குள் ஓர் அறையில் நான். சாயங்காலமே இரண்டு கதவும் பூட்டிவிடுவார்கள். லயத்தில் பாட்டும் சண்டையும் கேட்கும்; என் பக்கம் கஞ்சி கொதிப்பது கேட்கும். டவுன் பஸ்ஸை யாரோ கொளுத்திய பிறகு பஸ்ஸும் இல்லை. ஞாயிறுதோறும் சுங்கை பட்டாணி டவுனுக்குப் போய் வந்தது, தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையின் காடி, அதாவது அவருடைய கார், மட்டும். அதன் பின்சீட்டு காலியாகப் போய்க் காலியாக வரும்.

அந்தச் சீட்டின் மேல்தான் என் கண். டவுனில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. காதர் பாயின் டீக்கடையில் உட்கார்ந்து, யாராவது யாரையாவது திட்டுவதைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த மாதம் டவுன் கிளப் திடலில் காடிப் போட்டி. தகர டிரம்களை நட்டுவைத்து, அவற்றைச் சுற்றி வளைந்து வளைந்து வேகமாக ஓட்ட வேண்டும். துரை பெயர் கொடுத்திருந்தார். ஸ்டோரில் இரண்டு வகை டயர்கள்: தோட்டப் பாதைக்கான பெரிய பட்டை வைத்த புதுசு, தேய்ந்து மழமழவென்றிருந்த பழசு. எது நல்லது என்று அவர் டிரைவர் பெருமாளைத்தான் கேட்டார். பதில் சொன்னது நான்.

துரை வீட்டிலிருந்து பழைய தாளாக வந்த மோட்டார் பத்திரிகை ஒன்றைப் படித்திருந்தேன். குளிரில் ரப்பர் விறைத்துவிடும்; மெல்லிய, மிருதுவான டயராக எடுத்துச் சூடேற்றிக்கொண்டு இறங்க வேண்டும் என்று பனி பெய்யும் ஊர்க்காரர் எழுதியிருந்தார். நானும் தை மாதக் காலையில் இரண்டு சட்டை போட்டுக்கொண்டிருந்தேன். குளிர்தானே?

குளிர் என்றதும், ஊரைவிட்டு வந்து தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த அந்த இளம் துரையின் முகம் வீட்டுக் கடிதம் வந்தது போல ஆயிற்று.

"எங்க ஊரு இப்போ ரொம்பக் குளிரு," என்றார். "சரி, நீ டயர் பாரு. ஜெயிச்சா எல்லா ஞாயிறும் என்கூட வா. தோத்தா கணக்கு மட்டும் பாரு."

சூடேற்ற எங்கே போவது? ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைக்கூடம் இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் பழைய டயர்களை அங்கே கழியில் தொங்கவிட்டேன்.

"என்னா கிராணி, வடையைக் கோத்த மாதிரி இருக்கு," என்றார் பெருமாள்.

"இது விஞ்ஞானம், அண்ணே."

"விஞ்ஞானம்னா சரிலா. துரை கேட்டா உங்க பேரைச் சொல்லிடுவேன்."

காலையில் டயர்கள் பழுப்பேறி, தொட்டால் பிசுபிசுவென்று மினுமினுத்தன. சூடு போகாமலிருக்க என் ஒரே கம்பளியால் சுற்றினேன். முன்சீட்டில் துரை, பெருமாள், துப்பாக்கியோடு காவலாள். நான் ஏங்கிய பின்சீட்டில் நானும் நாலு டயரும்.

திடலில் போய்த்தான் டயர்களை மாட்டினோம். திடல் முழுக்கப் புல். புல் முழுக்கப் பனித்தண்ணீர். (பத்திரிகைக்காரர் தார் ரோட்டைப் பற்றி எழுதியிருந்தார். அந்த வரியையும் படித்திருந்தேன்.) விசில் ஊதினார்கள். முதல் டிரம்மைச் சுற்ற வேண்டிய காடி அதைக் கட்டிப்பிடித்தது. இரண்டாவதைப் பின்பக்கமாகச் சாய்த்தது. மூன்றாவதையும் தள்ளிக்கொண்டு, குளத்தில் எருமை இறங்குவது போல நிதானமாக, கிளப் பெண்களின் கேக் மேசையை நோக்கிப் போயிற்று. பெண்கள் எழுந்துகொண்டார்கள். கேக் எழவில்லை.

வேலிக்கு வெளியே வேடிக்கை பார்த்த கூட்டத்திலிருந்து காதர் பாயின் குரல்: "துரை காடி ஏன்யா கருவாட்டு வாசம் அடிக்குது?"

திரும்பும்போது துரை ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "கணக்கு பாரு." காதர் பாய் கடை கண்ணாடிக்கு வெளியே கடந்து போயிற்று.

மறு ஞாயிறு பின்சீட்டு காலியாகவே போனது. மாலையில் பெருமாள் வேலியோரம் நின்றார்.

"கிராணி, பாய் கடையில உங்க கதைதான் ஓடுது. டிரம்மு நாலாயிடுச்சு."

"மூணுதான், அண்ணே. போய்ச் சொல்லுங்க."

"சொன்னா யார் கேட்கிறாங்க? அடுத்த வாரம் அஞ்சாயிடும்லா."

நான் போக முடியாத டவுனுக்கு என் பெயர் வாராவாரம் போய் வந்தது. திருத்தம் சொல்லும் சாக்கில் நானும் ஞாயிறு மாலைகளில் வேலியோரம் காத்து நின்றேன். வாரத்தில் எனக்கென்று ஒருவர் வந்து பேசியது அப்போது மட்டும்தான்.

பஸ் மறுபடி ஓடி, வெகுநாள் கழித்து, சுங்கை பட்டாணியிலேயே பெண் பார்க்கப் போனேன். என் தோட்டத்தின் பெயரைச் சொன்னதுமே உள்ளே ஒரே சிரிப்பு. அன்று கிளப் திடலின் வேலியோரக் கூட்டத்தில் அந்தப் பெண்ணும் நின்றிருக்கிறாள்.

இப்போது ஜித்ராவில் இருக்கிறோம். தை மாதக் காலையில் பிள்ளைகளும் பேரன்களும் கூடியிருக்கும்போது கம்பளியை எடுத்து வந்து, "இது உங்களுக்கா, டயருக்கா?" என்பாள். பிறகு கதையை முதலிலிருந்து சொல்வாள். அவள் கணக்கில் ஐந்து டிரம். திருத்துவதை நான் நிறுத்திவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து தப்பாகச் சொல்லவும் ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.