பலகைத் தரையும் எட்டு முள்ளும்

முள் எட்டும் தரையைத் தொடக்கூடாது. ஆனால் ஸ்பீக்கர் ஸ்டாண்ட் இரண்டும் தரையில்தான் நிற்க வேண்டும். இந்த இரண்டு சட்டங்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு ஹாலில் முழங்கால் தேயத் தவழ்ந்துகொண்டிருந்தார் சூப்பர்வைசர்.

முதல் சட்டம் மனைவி போட்டது. கட்டை அடித்து, அதன்மேல் பலகை பாவி, மூன்று முறை பாலிஷ் ஏற்றிய தரை அது. வேலை நடந்த நாளெல்லாம் பக்கத்திலேயே நின்று, ஒவ்வொரு பலகையையும் அவளே தட்டிப் பார்த்து வாங்கினாள். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"ஏங்க, அஞ்சு மணிக்கு வருவேன். ஒரு கீறல் இருந்துச்சு, அந்தப் பெட்டி ரெண்டும் மொட்டைமாடிக்குப் போயிடும். பக்கத்துலயே உங்க பாயும் போயிடும்."

இரண்டாவது சட்டம் ஸ்பீக்கரோடு வந்த புத்தகம் போட்டது. இரும்பு ஸ்டாண்டுக்குக் கீழே நாலு நாலு முள். அது சரியாக ஊன்றினால்தான் பாட்டு சுத்தமாக வருமாம். 'சந்தேகம் இருந்தால் புதிய காது ஒன்றைக் கொண்டு சோதியுங்கள்' என்றும் அதில் போட்டிருந்தது.

புதிய காது வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தது. தொழிற்சாலையில் தகரம் வெட்டும் பிரஸ்ஸில் பதினெட்டு வருஷம் நின்றவர். சட்டைப்பையில் நாலாக மடித்த ஒரு காகிதம். பிரஸ் ஷெட்டிலிருந்து ஸ்டோருக்கு மாற்றல் கேட்டு எழுதிய மனு. மூன்று முறை நீட்டினார், மூன்று முறையும் திரும்பி வந்தது. "லீவு நாள்ல வீட்டுக்கு வாப்பா. பெட்டியை ஏத்தி வச்சுட்டா கையெழுத்து தானா வரும்" என்றிருந்தார் சூப்பர்வைசர்.

ஆள் பாதி உயரம், ஆள் முழு எடை. அப்படிப்பட்ட பெட்டி இரண்டையும் பிரஸ்காரர் தனியாகவே ஹாலுக்குத் தூக்கிவந்தார். இறக்கியதும் பைக்குள் கைவிட்டார்.

"சார், இதுல நான் சொல்ல வந்தது என்னன்னா..."

"பேசாதே. கேளு. இன்னைக்குக் கேக்கறதுதான் உன் வேலை."

பிரஸ்காரர் அவர் முகத்தையே பார்த்துத் தலையாட்டினார். பேசும்போது கண்ணெடுக்காமல் பார்க்கிற ஆள். இந்த மரியாதை மற்ற பயல்களுக்கு இல்லையே என்று சூப்பர்வைசருக்கு எப்போதும் ஒரு குளிர்ச்சி.

முதலில் முள்ளுக்கு அடியில் ரப்பர். அது வந்த கதை தனி. பிரஸ் இயந்திரத்துக்கு அடியில் ரப்பர் போட்டால் சத்தமும் அதிர்வும் குறையும் என்று தொழிலாளிகள் கேட்டிருந்தார்கள். "சத்தம் பழகிட்டா தாலாட்டு மாதிரிப்பா" என்று கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்துகொண்டு எழுதி, அதைத் தள்ளுபடி செய்தார் சூப்பர்வைசர். மாதிரிக்கு வந்த ரப்பர் ஷீட் மட்டும் அவர் காரில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டது.

பாட்டைப் போட்டார். பிரஸ்காரரை ஹாலின் நடுவில் நிறுத்தினார்.

"எப்படி?"

"ஒண்ணுமே வரலையே சார்."

சூப்பர்வைசருக்கு எல்லாம் நன்றாகத்தான் கேட்டது. ஆனால், தனக்குத் தங்கக் காது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவர் அதை ஒப்புக்கொள்ள முடியுமா?

"நானும் அதையேதான் நினைச்சேன். ரப்பர் உயிரை உறிஞ்சிடுது."

எடுத்துப் பார்த்தால் பாலிஷில் எட்டுக் கறுப்பு வட்டம். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தார். கறுப்பு போனது, கூடவே பாலிஷும் போனது. எட்டு வெள்ளை வட்டம்.

"கல்லு வச்சுடலாம்" என்றார். சமையல் மேடைக்கு வாங்கி மிஞ்சிய கருங்கல் பலகை இரண்டு பின்கட்டில் கிடந்தன.

"தூக்கிடலாம் சார். ஆளுக்கொரு பக்கம்."

"எனக்கு இடுப்பு சரியில்லப்பா. இழு, அது பாட்டுக்கு வரும்."

அது பாட்டுக்கு வந்தது. பின்கட்டுக் கதவிலிருந்து ஹால் வரை ஏர் உழுத மாதிரி ஒரு கோடும் கூடவே வந்தது. கோட்டை மறைக்க சோபாவை நகர்த்தினார்கள். சோபாக் கால் தன் பங்குக்கு இன்னும் இரண்டு போட்டது. மணி மூன்றரை.

"இப்ப?"

"எங்கயோ அடுத்த தெருவுல ஓடுற மாதிரி இருக்கு சார்."

"அடேயப்பா! அதே வார்த்தை என் நாக்கு நுனியில இருந்துச்சுப்பா."

கல் வெளியே போனது. முள்ளுக்கு ஒன்றாக எட்டு நாணயம் வைத்தார். பிரஸ்காரர் முகத்தில் லேசாக வெளிச்சம் வந்தது. கால் விரலை ஊன்றி, கொஞ்சம் குனிந்தார்.

"வருது சார். இப்ப வருது."

சூப்பர்வைசர் மகிழ்ச்சியில் ஒலியைக் கூட்டினார். தாளம் ஏற ஏற நாணயங்கள் நடுங்கி, ஒன்று நழுவியது. ஸ்டாண்ட் சாய்ந்தது. பெட்டி விழாமல் பிரஸ்காரர் தோள் கொடுத்துவிட்டார். முள் மட்டும் பலகைக்குள் ஒரு விரற்கடை இறங்கியது.

சூப்பர்வைசர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். பிறகு எழுந்தார். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? மீதி நாணயங்களையும் உருவிவிட்டு, எட்டு முள்ளையும் நேராகத் தரையிலேயே ஊன்றினார்.

பாட்டு எழுந்தது. பிரஸ்காரர் கண்ணை மூடிக்கொண்டார். உதடு மெல்ல விரிந்தது.

"எப்படிப்பா?"

பதில் இல்லை.

"யப்பா, எப்படின்னேன்?"

அதற்கும் பதில் இல்லை. அடேயப்பா, என்ன லயிப்பு! நாலு நிமிஷம் கழித்துக் கண்ணைத் திறந்தபோது பிரஸ்காரரின் இமை ஈரமாக இருந்தது.

"இதான் சார் பாட்டு. உடம்பெல்லாம் ஏறுது. எவ்வளவு நாளாச்சு தெரியுமா சார்!"

சூப்பர்வைசருக்கும் கண் கலங்கியது. உலகத்தில் தன் காதைப் புரிந்துகொள்ள இப்படி ஒரு ஜீவன்!

"கொடுப்பா அந்தப் பேப்பரை!"

பிரித்தும் படிக்காமல், கையெழுத்து போடும் ஓரத்தை மட்டும் மடிப்பிலிருந்து விலக்கி, ஸ்பீக்கர் தலையில் வைத்தே கையெழுத்துப் போட்டார். ஒலியை முழுசாகத் திருப்பினார். ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது. எட்டு முள்ளும் தாளம் தவறாமல் பலகையைத் துளைத்தன.

பாட்டு சட்டென்று நின்றது. சுவிட்சில் கைவைத்தபடி மனைவி நின்றாள்.

வெள்ளை வட்டத்தைப் பார்த்தாள். உழவைப் பார்த்தாள். எட்டு ஓட்டையைப் பார்த்தாள். சூப்பர்வைசர் சுவரோரம் நகர்ந்தார்.

"இங்க பாரு, நானா எதுவும் பண்ணலை. முள்ளை நேரா வைக்கச் சொன்னது இவன் காது. ரப்பர் வேண்டாம், கல்லு வேண்டாம்னு ஒவ்வொண்ணா பிரிச்சுச் சொன்னான். உனக்கும் எனக்கும் அந்தக் காது கிடையாது!"

மனைவி பிரஸ்காரரின் முதுகைப் பார்த்து, "அண்ணே, நீங்களா சொன்னீங்க?" என்றாள். அவர் திரும்பவில்லை, காகிதத்தைப் பத்திரமாக மடித்துக்கொண்டிருந்தார். அவள் முன்னால் வந்து நின்று கையை நீட்டினாள்.

"இது என்ன பேப்பர்?"

"ஸ்டோருக்கு மாற்றல் கேக்கறான்" என்று முந்திக்கொண்டார் சூப்பர்வைசர். "காரணம்னு ஒண்ணும் இருக்காது. உடம்பு வளையலை, அவ்வளவுதான்."

அவள் பிரித்துப் படித்தாள். மறுபடி படித்தாள். பிறகு பிரஸ்காரரின் முகத்துக்கு நேராக, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டாள். "அப்புறம் எப்படிண்ணே நீங்க இவருக்குப் பாட்டு கேட்டுச் சொன்னீங்க?"

"காது ரெண்டும் போய் நாலு வருஷமாச்சும்மா, சார்கிட்ட மூணு தடவை சொல்லிட்டேன்; அந்த முள்ளை நேரா பலகையில வச்சப்பதான் பாட்டு உள்ளங்கால் வழியா நல்லா ஏறுச்சு."