விழுப்புரம் சர்வரின் மந்தம்

திண்டிவனம் அலுவலகத்தில் அன்று காலை ஆஜரானவர்கள்: குமரேசன், கோபி, போட்டால் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சுற்றும் மின்விசிறி, கீழே நிலக்கடலை மண்டியிலிருந்து அழைக்காமலே மாடியேறி வந்த மல்லாட்டைத் தூசி. முதலாளி வேங்கடேசன் செல்போனில் மட்டும் இருந்தார். அதுவே அதிகம்.

"மத்தியானத்துக்குள்ள பாட்சா பாயோட எடைமேடைக்குப் புது சாஃப்ட்வேர் போவணும். ஒழுங்கா போச்சுன்னா திண்டிவனம் ஆபீஸ் உன் கையில. சொதப்புனா உன் சீட்டுல கோபி."

கோபி எதுவும் கேட்காதவன்போல நகம் கடித்தான்.

சாஃப்ட்வேரைக் குமரேசன் முந்தின நாளே எழுதி முடித்து, தன்னைப் பாராட்டிக்கொண்டும் விட்டான். சிக்கல், புரோகிராம் கோடைச் சேர்த்துவைக்கும் 'கிட்' என்னும் கிடங்கில் இருந்தது. யார் எழுதிய கோடாக இருந்தாலும் விழுப்புரம் சர்வரில் இருக்கும் கிட்டுக்குப் போய், அங்கிருந்துதான் வாடிக்கையாளருக்குப் போகும். குமரேசன் கோடை அனுப்பப் புஷ் கொடுத்தால் திரையில் வட்டம் சுற்றும். அவன் கீழே இறங்கி டீ குடித்து, டீக்கடைக்காரரோடு அரசியல் பேசி, சண்டை போட்டு, சமாதானமாகித் திரும்பினாலும் சுற்றிக்கொண்டே இருக்கும். சில மாதங்களாக இதே கதை. அன்றும் சுற்றியது.

"உனக்கும் இப்டித்தான் கீதாடா?"

"என்னுது ஜல்தியா பூடுதுண்ணே."

"உன்னுது ரெண்டு வரி. என்னுது வெயிட்டு."

குமரேசன் முதலில் ரவுட்டரைக் கழற்றி மாட்டினான். இணையமே போய்விட்டது. கோபியின் செல்போன் இணையத்தைப் பிடித்துக்கொண்டு, கிட்டைச் சுத்தம் செய்யும் கட்டளையைக் கொடுத்தான். கம்ப்யூட்டர் மாவு மில்போல இரைந்து, உறைந்து நின்றது. அதை எழுப்பி, பழைய குப்பையே வேண்டாம் என்று ஃபோல்டரை அழித்துவிட்டு சர்வரிலிருந்து புதிதாக இறக்கினான். பாதியில் கோபியின் டேட்டா தீர்ந்தது.

"இன்னா பேஜாருண்ணே இது! உங்க கோடு?"

"பென்டிரைவ்ல கீது. நான் இன்னா முட்டாளா?"

கோபி மறுபடியும் நகம் கடித்தான்.

குமரேசன் பென்டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறினான். அவன் கோடு அவ்வளவு வேகமாக விழுப்புரம் போனது அதுவே முதல் முறை.

சர்வர் அறை திறந்திருந்தது. அங்கே உட்காரும் வெண்ணிலா சாப்பிடப் போயிருந்தாள். சில மாதங்களுக்கு முன் சேர்ந்தவள். அவளுக்கு என்ன வேலை என்று குமரேசனுக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை. சீனியர் என்பதால் சர்வரின் பாஸ்வேர்டு அவனிடம் இருந்தது. உள்ளே துழாவினான். புஷ் வந்து சேரும் வாசலிலேயே ஸ்கிரிப்ட் என்னும் குட்டிப் புரோகிராம் ஒன்று காவலுக்கு நின்றது. அதற்கு இட்ட கட்டளை இதுதான்: வருவது குமரேசன் அனுப்பியதாக இருந்தால் நிறுத்திவை. இங்கிருந்து 'சரி' அழுத்தும்வரை விடாதே.

"அடப்பாவிங்களா!"

யாரோ பொறாமையில் வைத்த முட்டுக்கட்டை. கோபியாகத்தான் இருக்கும். ஸ்கிரிப்டை அழித்தான். பென்டிரைவைச் செருகிப் புஷ் கொடுத்தான். கண் இமைப்பதற்குள் போய்விட்டது. நாற்காலியில் சாய்ந்தான். திண்டிவனம் அலுவலகத்தில் தன் மேசையை எந்தப் பக்கம் திருப்பிப் போடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. சிக்கந்தர் பாட்சா.

"தம்பி, சாஃப்ட்வேரு வந்துச்சு."

"ஸ்பீடா வந்துச்சா பாய்?"

"வந்துச்சு. எடைமேடை மேல ஒரு நாய் படுத்துக்கினு கீது. அதுக்கு ஒரு லோடு மல்லாட்டைன்னு ரசீது வருது."

"நாய வெரட்டிட்டுப் பாருங்க பாய்."

"வெரட்டியாச்சு. இப்ப மேடை காலியா கீது. ரெண்டு லோடுன்னு வருது. லாரிய ஏத்துனா ஒண்ணுமே இல்லைங்குது. சரக்கு கொண்டாந்தவரு என் சட்டையப் புடிச்சுக்கினு நிக்கிறாரு. எதுனா பண்ணு!"

வெண்ணிலா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தாள். திரையைப் பார்த்தாள்.

"அண்ணா, அந்த ஸ்கிரிப்டு எங்க?"

"அழிச்சிட்டேன்மா. அதாலதான் இத்தினி நாளா ஸ்லோ."

அவள் அவனை எழுந்திருக்கச் சொல்லவில்லை. சக்கர நாற்காலியோடு சேர்த்துத் தள்ளிக்கொண்டு போய் வாசலுக்கு வெளியே விட்டாள்.

"அது ஸ்லோ இல்லீங்கண்ணா. நீங்க அனுப்புறத நான் திருத்தி எழுதி முடிக்கிற நேரம். அதுக்குத்தானே முதலாளி என்னை வேலைக்கு எடுத்தாரு."

கதவு சாத்தப்பட்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.