நாற்பத்தெட்டு புஷல் விளைந்த இரண்டு விநாடி

கோலொமார், சஸ்காட்செவான்
அக்டோபர் 16

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய ஸ்டெஃபா அக்காவுக்கு, தம்பி ஓரெஸ்ட் எழுதிக்கொள்வது. நானும் என் மனைவி லோர்னாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். விக்டோரியாவின் கடல் காற்றில் நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அத்தானின் முழங்கால் வலி குறைந்ததா? அங்கே தினமும் மழை என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு நான் போய் எங்கள் மழைமானியைக் கவிழ்த்துப் பார்த்தேன், தூசிதான் விழுந்தது.

அப்பா உன் பங்காக விட்டுப்போன முந்நூற்று இருபது ஏக்கரைப் பதினோரு வருஷமாக நான்தான் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறேன். ஏக்கருக்கு நாற்பத்தெட்டு புஷல் கனோலா எண்ணெய் வித்து எடுத்தவன் குத்தகையைக் கூட்டிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நகரத்துக் கம்பெனி ஒன்று அதிகம் தரத் தயாராக இருக்கிறது, மாதக் கடைசிக்குள் பதில் சொல் என்று எழுதியிருக்கிறாய். ஆதாரமாக, நான் எடுத்த போட்டோவை எனக்கே அனுப்பியிருக்கிறாய். அன்றிலிருந்து எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. இந்தக் கடிதத்தையே மூன்று நாளாக எழுதுகிறேன். இரண்டு வரிக்கு ஒரு தடவை எழுந்துபோய் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்க்கிறேன். அறுவடை முடிந்த பிறகு வானத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று லோர்னா கேட்கிறாள். "காப்பி மேசையில பொய்யை ஒரு நிமிஷத்துல சொல்லி முடிச்ச. உண்மையை எழுத மூணு நாளா?" என்றும் கேட்டாள்.

அக்கா, நாற்பத்தெட்டு பொய். எனக்கு விளைந்தது பத்தொன்பது.

போட்டோ பொய்யில்லை, ஆனால் அது காட்டுவது இரண்டு விநாடி. அறுவடை இயந்திரத்தின் திரையில் அந்தந்த நிமிஷத்து விளைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும் அல்லவா, அது நாள் முழுக்கப் இருபத்திரண்டு, இருபத்தைந்து, இருபது என்றே முனகிக்கொண்டு போனது. கிழக்கு மூலையில், வசந்தத்தில் தண்ணீர் தேங்கும் பள்ளத்தின் ஓரத்தில், திடீரென்று நாற்பத்தெட்டு என்றது. நான் ஒரு கையால் போனை எடுத்துப் படம் பிடித்தேன், பிடித்த அவசரத்தில் ஒரு பாறையின் மேல் ஏற்றினேன், இயந்திரத்தின் வெட்டுவாய் உடைந்தது, உதிரி வர மூன்று நாள் ஆயிற்று, அந்த மூன்று நாளில்தான் காற்று அடித்து மிச்சக் காய்களில் பாதியை வெடிக்க வைத்தது. ஆகவே அந்தப் படத்துக்கு நான் கொடுத்த விலையும் உனக்குத் தெரிய வேண்டும்.

அதற்கு முன்னால் மட்டும் என்ன வாழ்ந்தது? மே மாதத்தில் முளைத்த இரண்டு இலையையும் தத்துவண்டு தின்றது, மறுபடி விதைத்தேன், ஜூலையில் பூவெடுத்த நேரம் பார்த்துப் பத்து நாள் கொதித்தது, பாதிப் பூ காயாகாமலே கொட்டிவிட்டது. அந்தச் சமயத்தில்தான் வெளியூர்க்காரர்கள் காரை நிறுத்தி மஞ்சளாகப் பூத்திருந்த வயலுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் எனக்கு வாழ்த்துச் சொன்னார். மிஞ்சியதை லாரியில் ஏற்றினால் அதன் பின்கதவில் ஓர் ஓட்டை. கனோலா விதை கடுகு மாதிரி, விரல் நுழையாத ஓட்டையில் வயலே நுழைந்துவிடும். தானியக் கிடங்கு வரை ஏழு மைலுக்குக் கோடு போட்டுக்கொண்டே போயிருக்கிறேன். மறுநாள் காப்பி மேசையில் அதைப் பற்றிக் கேட்டார்கள். லாரி தாங்காமல் வழிந்துவிட்டது என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று நீ கேட்பாய். நீ பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியையாக இருந்தவள், காப்பி மேசையில் உட்கார்ந்து பழகாதவள். கூட்டுறவுக் கடையில் காலை பத்து மணிக்கு நாங்கள் ஆறு பேர் உட்கார்ந்து பகடை உருட்டுவோம், தோற்றவன் எல்லோருக்கும் காப்பி வாங்க வேண்டும். அன்றைக்கு எல்மர் பகடையைக் குலுக்கிக்கொண்டே, யாரும் கேட்காமலே, தனக்கு நாற்பத்தைந்து என்றான். நாற்பத்தைந்துக்குப் பிறகு பத்தொன்பதை எப்படி அக்கா வாயில் வரவழைப்பது? நான் போனை எடுத்துக் காட்டிவிட்டேன். எல்மர் அதை வாங்கித் தன் மனைவி டோரீனுக்கு அனுப்பியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் டோரீன் உனக்குப் போன் பண்ணுவாள் என்பதை நான் யோசிக்கவில்லை.

எல்மருடையதும் புளுகுதான் என்று நிரூபிக்கலாம் என்று, அவன் ஊரில் இல்லாத சமயமாகப் பார்த்து அவனுடைய தகரத் தானியக் குதிர்களைத் தட்டிப் பார்க்கப் போனேன். டணார் என்று காலிச் சத்தம் கேட்டது. இரண்டாவதும் டணார். மூன்றாவதைத் தட்டும்போது அதன் பின்னாலிருந்து எல்மரே வந்தான். ஊருக்குப் போகவில்லை போலும். நான் தகரத்தில் துரு பார்க்கிறவன்போல விரலால் தேய்த்தேன்.

"நல்லா நெறைஞ்சிருக்கு போலயே" என்றேன்.

"உன்னுதும்தான். வியாழக்கிழமை தட்டிப் பாத்தேன்" என்றான்.

அக்கா, விளையாட்டை விட்டுவிட்டுச் சொல்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. பழைய குத்தகைக்கே உன் கையெழுத்துப் போட்ட தாள் இருந்தால்தான் அடுத்த வருஷத்து விதைக்கும் உரத்துக்கும் வங்கி கடன் தரும். நீ கூட்டினால் அவர்கள் மாட்டோம் என்பார்கள். அப்பா கல் பொறுக்கிய நிலத்தில் கம்பெனிக்காரன் ஓட்டுவதை நான் சமையலறை ஜன்னலிலிருந்து பார்க்க வேண்டியிருக்கும். ஒரே ஒரு வருஷம் பொறுத்துக்கொள். கிடங்கு ரசீதுகளை இத்துடன் வைத்திருக்கிறேன், கூட்டிப் பார், பத்தொன்பதுக்கு மேல் வராது. டோரீனிடம் மட்டும் சொல்லிவிடாதே.

அத்தானுக்கு என் வணக்கம். உன் தோட்டத்தில் போதும் போதும் என்கிற வரை மழை பெய்யட்டும், மிச்சமிருக்கும் மேகத்தைக் கிழக்கே தள்ளிவிடு.

உன் ஆசியை வேண்டும் தம்பி,
ஓரெஸ்ட்

பின்குறிப்பு: இதைத் தபால் நிலையத்தில் நின்று எழுதுகிறேன். உறையை ஒட்டுவதற்குள் அந்தக் கம்பெனிக்காரரே உள்ளே வந்துவிட்டார். எல்மரும் இருந்தான், இன்னும் நாலு பேரும் இருந்தார்கள். இந்த வருஷம் உங்களுக்குக் கஷ்டமாமே, அக்கா நிலத்தை விட்டுவிடப் போகிறீர்களாமே என்று மரியாதையாகத்தான் கேட்டார். "யார் சொன்னா? அக்கா கேட்ட குத்தகைக்கு நேத்தே ஒத்துக்கிட்டேன்" என்று என் வாய் சொல்லிவிட்டது. அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஆகவே, நீ கேட்டதையே தருகிறேன், தாளை அனுப்பு. எங்கிருந்து தருவேன் என்று கேட்காதே. ரசீதுகள் இனி எதற்கு, உறையிலிருந்து எடுத்துவிட்டேன். லோர்னாவிடம் நானே சொல்கிறேன், இன்றைக்கு இல்லை.

ஒன்று மட்டும். அவர் போனதும் எல்மர் என்னைக் கதவோரம் இழுத்துக்கொண்டு போனான். அவனும் குத்தகை நிலம்தான் ஓட்டுகிறான், சித்தப்பா மகனுடையது. "ஏன்டா, இனி சித்தப்பா மகனும் என்கிட்ட இதே குத்தகைய கேப்பான்டா. எனக்கு வெளஞ்சது பதினேழுடா" என்றான்.

பதினேழு, அக்கா. எனக்கு அவனைவிட ஏக்கருக்கு இரண்டு புஷல் கூட.