என் காது நன்றாகக் கேட்கிறதாம்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

பீரங்கிப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் காலம் தள்ளி ஓய்வு பெற்ற உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே இருவரும் சௌக்கியம். அங்கே உங்கள் முழங்கால் வலியும் வீட்டம்மாவின் கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். தணியவில்லை என்றால் கடிதமாக எழுதுங்கள். தயவுசெய்து போன் மட்டும் செய்யாதீர்கள். அந்தக் கருமத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பீரங்கிச் சத்தத்தில் என் இடது காது போனது உங்களுக்குத் தெரியும். வலது காதுக்கு ஒரு குறையும் இல்லை. அதனால் நியாயமாக இடது காதுக்கு மட்டும்தான் முன்னாள் படையினர் அலுவலகத்தில் ஊனச் சான்று கேட்டு விண்ணப்பித்தேன். சான்று இருந்தால்தான் படை மருத்துவமனையில் காதுக் கருவி பொருத்துவார்கள். பதினோரு மாதம் மூச்சே விடாமல் இருந்துவிட்டு, ஒருநாள் கடிதம் போட்டார்கள்: "தங்கள் செவித்திறன் குறைபாடு குறித்துத் தொலைபேசியில் அழைத்து விளக்கவும்." இவர்களை எதில் சேர்ப்பது, சொல்லுங்கள். சரி என்று அழைத்தால் ஏதோ ஒரு இயந்திரம் முணுமுணுத்தது. இப்போதெல்லாம் ஊரே முணுமுணுக்கிறது மச்சான். பால்காரர், பேருந்து நடத்துனர், பல் டாக்டர், ஒருவருக்கும் வாயைத் திறந்து பேசும் வழக்கமே இல்லை. நேரில் போனேன். வாசல் காவலாளியும் வெறும் வாயைத்தான் அசைத்தார். "சத்தமா சொல்லுப்பா!" என்று நான் கத்த, வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்க, அவர் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்: போனில் நேரம் வாங்கிக்கொண்டு வரவும்.

அப்புறம் அவர்களே அழைத்தார்கள். உங்கள் தங்கை எடுத்து, "நான் அவர் சம்சாரம் பேசறேன்" என்றதும், விண்ணப்பதாரர்தான் பேச வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டார்கள். இப்படி மூன்று தடவை. நான்காவது தடவை அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகளை விரட்டிய தொண்டை அல்லவா, அதைக் கொஞ்சம் தாழ்த்தி, என்னைப் போலவே பேச ஆரம்பித்திருக்கிறாள். எடுத்த எடுப்பில் அந்த அதிகாரி, "நான் பேசறது கேக்குதுங்களா?" என்றாராம். உங்கள் தங்கை, "தெளிவா கேக்குது, சொல்லுங்க" என்றாளாம். எந்த வருடம், எந்தப் பீரங்கி, எந்தப் பக்கம் நின்றேன் என்று பதினான்கு கேள்வி. எனக்கே மறந்துபோனதை எல்லாம் மடமடவென்று ஒப்பித்திருக்கிறாள். "வேணும்னா இன்னும் சத்தமா பேசட்டுமா?" என்று அவர் பரிவோடு கேட்க, "எதுக்குங்க? மெதுவாவே பேசுங்க" என்று இவள் பெருந்தன்மை காட்டியிருக்கிறாள். இதை வாயால் சொல்ல வெட்கப்பட்டு, காலண்டர் தாளின் பின்புறம் எழுதி என் முன்னால் வைத்தாள்.

பத்தே நாளில் முடிவு வந்தது. பதினோரு மாதம் தூங்கியவர்களுக்கு இதில் மட்டும் என்ன சுறுசுறுப்போ. "விண்ணப்பதாரர் எல்லாக் கேள்விகளுக்கும் தயக்கமின்றிப் பதிலளித்தார். செவித்திறன் மிக நன்று. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. ஆட்சேபம் இருப்பின் முப்பது நாட்களுக்குள் தொலைபேசியில் தெரிவிக்கவும்."

சிரிக்காதீர்கள் மச்சான். அந்தக் கருவி எனக்கு வேண்டும். உங்கள் தங்கை ஒரு வருடமாக என்னோடு பேசுவதில்லை. சமையலறையில் நின்றபடி தெருக்கதை முழுக்கச் சொல்பவள், இப்போது தட்டை வைக்கிறாள், போகிறாள். செவிட்டுப் பக்கம் உட்கார்ந்து பேசிப் பேசி அலுத்துவிட்டது போலிருக்கிறது. அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வீடு வெறிச்சென்று இருக்கிறது, எனக்குத் தாங்கவில்லை. கருவி வந்தால் பழையபடி பேசுவாள். முப்பதில் பன்னிரண்டு நாள் போய்விட்டது. நீங்கள் உடனே வந்து, அவளை அந்த அதிகாரி முன் நிறுத்தி, அதே குரலில் நாலு வார்த்தை பேச வைக்க வேண்டும். நான் சொன்னால் கூச்சப்படுவாள். அண்ணன் சொன்னால் தட்ட மாட்டாள்.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பும், சின்னதுகளுக்கு ஆசியும் சேரட்டும். உங்கள் முழங்கால் நீடூழி நடக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் பேச்சுக்குக் காத்திருப்பவன்

பி.கு.: அண்ணா, நான்தான். கடிதத்தை ஒட்டச் சொல்லிக் கொடுத்தார், படிச்சுட்டேன். நான் பேச்சை ஒருநாளும் நிறுத்தலண்ணா. வலது காதும் போயிடுச்சு, போன வருஷமே. அது தெரியாம, வேணும்னே பதில் சொல்லாம இருக்கார்னு ரெண்டு மாசம் சண்டை போட்டேன். அந்தச் சண்டையும் இவருக்குத் தெரியாது. உண்மையைச் சொல்ல மனசு வரல. நீங்க வந்து ரெண்டு காதுக்கும் சேர்த்து எழுதிக் கொடுங்க, இவருக்கும் பக்குவமா எழுதிக் காட்டுங்க. இப்பவும் எதிர்ல உக்காந்து "ஒட்டியாச்சா?"ன்னு கேக்கறார். ஆச்சுன்னு ரெண்டு தடவை சொல்லிட்டேன்.