கல்யாண நாடகத்தில் நான் வாயைத் திறந்தது

மரியாதைக்குரிய மேரி அண்ணி அவர்களுக்கு,

கவரைப்பேட்டையிலிருந்து உங்கள் தம்பி ஸ்டீபனின் சம்சாரம் சுகிர்தா எழுதிக்கொள்வது. மாதா தயவில் நான் இருக்கிறேன். மீஞ்சூரில் நீங்கள் சுகமா என்று கேட்க எனக்கு முகமில்லை, ஆனாலும் கேட்கிறேன். போன் பண்ணினால் கட் பண்ணிவிடுகிறீர்கள், அதனால்தான் கடிதம். அஞ்சாவதோடு நின்றவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

அவரை அடக்கம் செய்த அன்றைக்கு, "பேசிப் பேசியே எந்தம்பிய அனுப்பிட்டியேடி" என்று சொன்னீர்கள். எட்டு மாதமாக அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். போன ஈஸ்டரைத்தான் சொன்னீர்கள், நீங்கள் முன்வரிசையில் இருந்தீர்களே. நம்ம கோயிலில் வருஷா வருஷம் போடுகிற பழைய கல்யாண நாடகத்தில் அண்ணன் கத்துவான், அவன் பெண்டாட்டி வாயே திறக்க மாட்டாள்; தம்பி வாயே திறக்க மாட்டான், அவன் பெண்டாட்டி கத்துவாள். வீட்டில் நாங்கள் தம்பி ஜோடி. ஆனால் உபதேசியார் பீட்டர், "சுகிர்தா, உனக்குப் பேசற பார்ட்டு குடுத்தா நாடகம் முடியாது" என்று என்னை ஊமைப் பெண்டாட்டியாக்கி, அவரைக் கத்துகிற புருஷனாக்கிவிட்டார். பத்தொன்பது வருஷம். கம்பி மில் சத்தத்தில் நின்றுவிட்டு வந்து, குழம்பில் உப்பில்லை என்றுகூடச் சொல்லாத மனுஷன், மேடையில் "இன்னாடி சோறு இது" என்று உறுமுவார். நான் முந்தானையைக் கடித்துக்கொண்டு அழ வேண்டும். சிரிப்பை அடக்கினால் அழுகை மாதிரியே இருக்கும்.

போன வருஷம் மாற்றிவிட ஆள் வராமல் ஷிப்ட் லேட்டாகி, வேட்டியை மட்டும் சுற்றிக்கொண்டு மில் ஷூவோடு மேடைக்கு ஓடி வந்தார். மீசையும் ஒரு பக்கம்தான் ஒட்டியிருந்தது. சோற்றுத் தட்டைக் காலால் தள்ளுகிற இடம், இரும்பு வைத்த ஷூ, தட்டு பறந்துபோய் ஆர்மோனியக்காரர் துளசிராமன் மடியில் விழ, அவர் திடுக்கிட்டு அடக்கப் பூசைப் பாட்டை வாசித்துவிட்டார். அது நான் காலையில் நிஜமாக ஆக்கிய சோறு அண்ணி. வாய் தானாகத் திறந்துவிட்டது. "ஷூவ கயட்டத் தெரில, இவுரு வந்துட்டாரு சோத்துல குத்தம் சொல்ல." ஜனம் சிரித்ததில் பந்தல் ஆடியது. அவர் வசனம் மறந்து நின்றார். கைதட்டலைக் கேட்டு நான் இன்னும் நாலு வார்த்தை பேசினேன். அதுதான் என் பாவம்.

மில் கேன்டீனில், "ஸ்டீபா, ஷூவ கயட்டிட்டியா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்களாம். என்னிடம் ஒன்றும் காட்டவில்லை. ஒரு நாள் மட்டும் சாப்பிட்டுக்கொண்டே, "வருசத்துல ஒரு நாளு தான் சுகிர்தா நான் பேசுவேன்" என்றார். நான் பதிலுக்கு ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. ஜூலையில் நெஞ்சுவலி. டாக்டர் ரொம்ப நாள் பிபி என்றார். நீங்கள் என் வாய் என்றீர்கள். நீங்கள் சொன்னதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

ஆகையால் இனி நான் மேடை ஏற மாட்டேன். உங்களையும் தொந்தரவு செய்ய மாட்டேன். அந்தோணி அண்ணனுக்கு வணக்கம், ஜெனிபருக்கு முத்தம். மாதா உங்கள் எல்லோரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
பேச்சைக் குறைத்துக்கொண்ட சுகிர்தா

பின்குறிப்பு: மேலே உள்ளது சனிக்கிழமை எழுதியது. ஞாயிறு ஒத்திகையில், அவருடைய பார்ட்டுக்கு வந்த ராஜமாணிக்கம் வசனத்தைக் குதறினான். ஓரமாக உட்கார்ந்திருந்த நான் ஒவ்வொரு வரியையும் திருத்தினேன், பத்தொன்பது வருஷம் எதிரில் நின்று கேட்டவளாயிற்றே. உபதேசியார், "அப்ப அந்த வேஷத்த நீயே போட்டுக்கமா" என்றார். போட்டுக்கொண்டேன். இப்போது ஊமைப் பெண்டாட்டிக்குத்தான் ஆள் இல்லை. கடைசியில் புருஷன் அவள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்பான், உங்களுக்கே தெரியும். அப்போதும் அவளுக்கு வசனம் கிடையாது, கையைப் பிடித்துத் தூக்கிவிட்டால் போதும். நீங்கள் என்னோடு பேச வேண்டாம் அண்ணி. வந்து நில்லுங்கள்.