பத்தாவது எபிசோடின் குறைகள்

அனுப்பிவிட்டுப் பார்த்தால், மேலே ‘படகுப் பையன்கள் ரசிகர் வட்டம்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘புரொடக்‌ஷன் அப்டேட்’ என்று இருந்தது.

சிவபிரகாஷின் ஆறடி உடம்பு நின்ற இடத்திலேயே நாலரை அடியாகச் சுருங்கியது. முன்னது பதினொரு பேர் உள்ள வாட்ஸ்அப் குழு; யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. பின்னதில் நூற்று நாற்பது பேர்; அத்தனை பேரும் தினமும் எட்டரை மணிக்கு அவன் முகத்தில்தான் விழிக்கிறார்கள்.

போன செய்தி இதுதான்:

‘பத்தாவது எபிசோட். கிரிட்டிக்கல்: உயரமானவன் இன்னும் வாயைத் திறக்கவில்லை. மேஜர்: கையோடு கை பட்டது இரண்டே விநாடி, குறைந்தது ஐந்து வேண்டும். மைனர்: மழை, பைப் மழை. கெமிஸ்ட்ரி: தாராளம். தைரியம்: இல்லை. முடிவு: ரிஜெக்ட்.’

அவனைக் குற்றம் சொல்லக் கூடாது. அவிநாசி ரோட்டில் உள்ள ஒரு பனியன் கம்பெனியில் அவன் தரம் பார்க்கும் பிரிவுக்கு இன்சார்ஜ். பதினொரு வருடமாகச் சட்டையின் குறைகளைப் பெரிசு, நடுத்தரம், சின்னது என்று மூன்று கட்டத்தில் எழுதி எழுதி, வேறு மாதிரி எழுதவே கை மறந்துவிட்டது. தங்கை கல்யாணத்துக்கு எழுதிய வாழ்த்து மடலையே ‘பாஸ்’ என்று முடித்தவன் அவன்.

‘படகுப் பையன்கள்’ தாய்லாந்துத் தொடர். ஓர் உயரமான படகோட்டி. மிதக்கும் சந்தையில் இளநீர் விற்கும் ஒரு சுருட்டை முடிக்காரன். ஒருவர்மேல் ஒருவருக்கு உயிர் என்பது ஆற்று மீனுக்குக்கூடத் தெரியும். பத்து எபிசோடாக உயரமானவன் படகைக் கட்டுகிறான், அவிழ்க்கிறான், மறுபடி கட்டுகிறான். ரசிகர் வட்டத்தில் இதற்கு இரண்டு கட்சி. முத்தம் எத்தனை என்று எண்ணுகிறவர்கள் ஒரு கட்சி. பார்வையே போதும் என்பவர்கள் இன்னொன்று. சிவபிரகாஷ் மூன்றாவது கட்சியின் தலைவன். ஒரே தொண்டனும் அவன்தான். முத்தத்துக்கு முந்தின மூச்சில்தான் எல்லாம் இருக்கிறது, அந்த மூச்சு இல்லாவிட்டால் நூறு முத்தமும் வேஸ்ட் துணிதான் என்பது அவன் கொள்கை.

செய்தியை அழிக்கப் போனான். அவசரத்தில் ‘எல்லோருக்கும் அழி’ என்பதை விட்டுவிட்டு ‘எனக்கு மட்டும் அழி’ என்பதைத் தொட்டான். அவன் போனில் மட்டும் அது காணாமல் போயிற்று. மற்ற நூற்று முப்பத்தொன்பது போன்களிலும் கல்வெட்டாக நின்றது.

மேனேஜர் ரத்தினசாமி ஓடி வந்தார். அவர் ஓடி அந்தக் கம்பெனியின் சுவர்கள்கூடப் பார்த்ததில்லை.

“ஏனுங்க சிவபிரகாஷ், எந்த ஸ்டைலுங்க ரிஜெக்ட்டு? வெள்ளிக்கிழமை ஷிப்மென்ட்டுங்க! பைப்பு வேற ஒடஞ்சு மழையாட்டக் கொட்டுதுன்னு போட்டிருக்கறீங்க, எந்த பில்டிங்குலீங்க?”

“இல்லீங்க சார். அது வந்துங்க... ட்ரெயினிங்குங்க.”

“ட்ரெயினிங்கா?”

“கொறை கண்டுபுடிக்கக் கண்ணப் பழக்கறதுங்க சார். துணியவே பாத்துட்டிருந்தாக் கண்ணு மரத்துப் போகுதுங்க. அதுக்குத்தான் ஒரு படத்தக் குடுத்து, அதுல கொறை எழுதச் சொல்றதுங்க.”

பொய் சொல்வதில் அவனுக்குப் பழக்கம் கிடையாது. அதனால்தான் அது அவ்வளவு நன்றாக வந்துவிட்டது. ரத்தினசாமியின் முகம் தைப்பூசத் தேரைப் போல ஒளிர்ந்தது. திங்கட்கிழமை, துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் ஆடிட். பயிற்சி ஃபைலில் ஒரு தீயணைப்பு வகுப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. அந்த வகுப்பும் நடந்ததா என்பது முருகனுக்குத்தான் வெளிச்சம். கையெழுத்துகள் மட்டும் குறைவில்லாமல் இருந்தன.

“அட சாமி! இத மொதல்லயே சொல்றதில்லீங்களா? படத்த எல்லாத்துக்கும் அனுப்பியுடுங்க. செக்கிங் டேபிள் பன்னெண்டு பேரும் எழுதட்டும். கட்டிங் மாஸ்டரும் எழுதட்டும். வெள்ளிக்கிழமை எம்பட மேசைக்கு வந்தரோணும்.”

“கட்டிங் மாஸ்டர் எதுக்குங்க சார்? அவருக்கு வேலை...”

“அவரு சனிக்கிழமையோட போனாலும் போயிருவாருங்க. இருக்கறப்பவே கையெழுத்து வாங்கி வெச்சரோணுமுங்க.”

இடி அங்கேதான் விழுந்தது. கட்டிங் மாஸ்டர் மாரிச்செல்வத்தை ஒடிசாவில் புதிதாகத் திறக்கும் ஒரு கம்பெனி கூப்பிட்டிருந்தது. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் வருகிறேன், வரவில்லை என்று அவன் சொல்லியாக வேண்டும். இது திருப்பூர் முழுக்கத் தெரியும். மாரி போய்விட்டால் தன் நாளில் பதினொரு மணியும் இருக்காது, நாலு மணியும் இருக்காது என்பது சிவபிரகாஷுக்கு மட்டும் தெரியும். அல்லது, தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

பதினொன்றும் நாலும் டீ நேரம். கம்பெனிக்குப் பின்னால் ஒரு வேப்பமரம், ஒரு பெஞ்சு. நாலு வருடமாக அந்தப் பெஞ்சின் இந்தக் கோடியில் சிவபிரகாஷ், அந்தக் கோடியில் மாரிச்செல்வம். தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். பென்சிலைச் சுருட்டை முடிக்குள் செருகி வைத்துவிட்டு ஊரெல்லாம் தேடுகிறவன்.

“என்ன சிவா, காலையிலேயே ஊரையே ரிஜெக்ட் பண்ணிட்டீரு?” என்றான் மாரி.

“ட்ரெயினிங்குங்க மாரி.”

“நாலு வருசமா இந்த ‘ங்க’வப் போட்டே என்னைய அடுத்த ஸ்டேஷன்ல நிறுத்தி வச்சிருக்கீரு. சரி, அந்த உயரமானவன் ஏன் பேச மாட்டேங்கான்?”

“படத்தப் பாருங்க, தெரியும்.”

“பாத்தாத் தெரியுமா?”

“தெரியோணுமுங்க.”

மாரி அவனை ஒரு முறை பார்த்தான். சிவபிரகாஷ் டீயைப் பார்த்தான். அந்தச் சமயத்தில் நடுவில் ஒரு மூச்சு வந்தது. அவனுடைய கட்சிக் கொள்கையில் சொன்ன அதே மூச்சு. வந்தது, கொஞ்ச நேரம் நின்று பார்த்தது, யாரும் கண்டுகொள்ளாததால் போய்விட்டது. “சர்க்கரை கம்மிங்க இன்னைக்கு” என்றான் சிவபிரகாஷ்.

அன்றே படத்தின் லிங்க்கை அனுப்பினான். தாய் மொழி, கீழே ஆங்கில எழுத்து. ஒருவரும் பார்க்க மாட்டார்கள், ஆளுக்கு இரண்டு வரி கிறுக்கித் தருவார்கள், கதை முடிந்தது என்று கணக்குப் போட்டான்.

புதன்கிழமை ரத்தினசாமி அவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

“ஊட்டுல டிவில போட்டுப் பாத்தனுங்க. பத்து எபிசோடும் பாத்தாச்சுங்க. எம்பட ஊட்டுக்காரி சுப்புலட்சுமி ரெண்டு நாளா எங்கிட்டச் சரியாவே பேசறதில்லீங்க.”

“ஏனுங்க சார், புடிக்கலீங்களா?”

“புடிச்சுத்தானுங்க வம்பே! ‘அந்தப் படகுக்காரப் பையன் அந்தப் பையனப் பாக்கறாப்பல இருவத்தாறு வருசத்துல ஒருக்காவாச்சும் என்னையப் பாத்திருக்கறீங்களா’ங்கறாளுங்க. நானும் நேத்துப் பாத்தனுங்க. ‘என்ன, கண்ணு வலியா’ன்னு கேக்கறாளுங்க.”

வியாழக்கிழமை தாள்கள் வரத் தொடங்கின. இரண்டு வரி எதிர்பார்த்தவனுக்குப் பக்கம் பக்கமாக வந்தன. பிசிர் வெட்டும் பெரியாத்தாளின் தாளில் இடம் போதாமல், பின்பக்கத்துக்கும் அம்புக்குறி போட்டிருந்தது.

‘கிரிட்டிக்கல்: உசரமான பையன் மனசில் இருப்பதைச் சொல்லாமல் சர்க்கரையைப் பற்றிப் பேசுகிறான்.’

‘மேஜர்: பக்கத்தில் உட்கார்ந்தாலும் நடுவில் இரண்டு ஆள் இடம். அதில் பேக்கிங் பெட்டியே அடுக்கலாம்.’

‘மேஜர்: சுருட்டை முடிப் பையன் எழுந்து போனதும் அவன் வைத்த டம்ளரையே பார்க்கிறான். டம்ளருக்குக் காது இருக்கிறதா?’

‘மைனர்: டீ ஆறிப் போகிறது.’

‘கெமிஸ்ட்ரி: எங்கள் டேபிளுக்கே அனல் அடிக்கிறது.’

சிவபிரகாஷுக்குக் கண் கலங்கியது. என்ன ரசனை! பதினொரு பேர் வட்டத்தில் பத்து எபிசோடாகக் கத்தியும் யாருக்கும் புரியாத ஒன்றை, செக்கிங் டேபிள் ஒரே வாரத்தில் பிடித்துவிட்டது. ஒன்றே ஒன்றுதான் உறுத்தியது. பன்னிரண்டு தாளிலும் டீ இருந்தது. தொடரில் இருப்பதோ இளநீர். பத்து எபிசோடிலும் ஒரு சொட்டு டீ கிடையாது.

நேராக டேபிளுக்குப் போனான்.

“பெரியாத்தாக்கா, அது டீ இல்லீங்க, எளநி.”

“எதா இருந்தா என்னங்க சார்? குடிக்கறதுக்கா போயி உக்கார்றாங்க?” என்றாள் பெரியாத்தாள், கத்தரியை நிறுத்தாமல். டேபிள் முழுக்கச் சிரித்தது.

“அவன அவ்வளவு மோசமா எழுதியிருக்கறீங்க. அவனுக்கு ஒரு பயம் இருக்குதுங்க.”

“என்ன பயமுங்க?”

“சொல்லிப்போட்டா, இப்ப இருக்கறதும் இல்லாமப் போயிருமோன்னு. தெனமும் பக்கத்துல உக்கார்றதே போதும்னு நெனைக்கறானுங்க.”

“போதுங்களா?”

சிவபிரகாஷ் டேபிளில் கிடந்த ஒரு பிசிரை எடுத்து விரலில் சுற்றினான்.

“சொல்லாமயே இருந்து, அந்தப் பையன் படகேறிப் போயிட்டா?”

தையல் மெஷின்கள் எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தன. சிவபிரகாஷுக்கு மட்டும் அவை நின்றுபோனது மாதிரி இருந்தது. “பதினொண்ணாவது எபிசோடுல பாக்கலாமுங்க” என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்து, பாத்ரூம் கதவைத் தள்ளுவதற்குப் பதிலாக ஸ்டோர் ரூம் கதவைத் தள்ளி, நூல் கோன்களுக்கு நடுவில் கொஞ்ச நேரம் நின்றிருந்தான்.

வெள்ளிக்கிழமை மாரியின் தாளும் வந்தது. கட்டங்கள் எல்லாம் நிரம்பியிருந்தன. கிரிட்டிக்கல்: இல்லை. மேஜர்: இல்லை. மைனர்: உயரமானவன் கொஞ்சம் பயந்தவன், திருத்தக்கூடிய குறைதான். முடிவு என்ற இடத்தில், ‘இன்சார்ஜ் சொல்ல வேண்டும்’.

முறைப்படி அது சரி. பாஸ், ரிஜெக்ட் போடும் அதிகாரம் இன்சார்ஜுக்குத்தான். மாரிக்கு அந்தத் தொடர் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான் என்று சிவபிரகாஷ் தாளை மடித்து ஃபைலில் வைத்தான். பிறகு எடுத்தான். சட்டைப் பைக்குள் வைத்தான். இன்னொரு தாளில் அதையே தன் கையால் நகல் எடுத்து ஃபைலில் வைத்தான்.

சனிக்கிழமை காலை பத்தரைக்கு ரத்தினசாமி துள்ளிக்கொண்டு வந்தார்.

“நல்ல சேதிங்க! திங்கக்கிழமை வர்ற ஆடிட்டரம்மா பாங்காக் ஆபீஸ்ல இருந்து வர்றாங்களாமா. தாய்லாந்துக்காரங்களேதானுங்க! இந்தப் படத்த அவங்க பாக்காமயா இருந்திருப்பாங்க? ஃபைல மொதல்ல அதுலதான் தொறக்கறோமுங்க!”

சிவபிரகாஷ் ஃபைலைப் புரட்டினான். பன்னிரண்டு தாள், பன்னிரண்டிலும் டீ. அந்த அம்மாள் படித்த மறுநிமிடம், நடக்காத பயிற்சிக்குப் போலி ரெக்கார்டு என்று எழுதிவிடுவாள். கம்பெனியே ரிஜெக்ட்.

ஃபைலை அள்ளிக்கொண்டு செக்கிங் டேபிளுக்கு ஓடினான். மணி பத்து ஐம்பத்தைந்து. ஜன்னல் வழியாக வேப்பமரம் தெரிந்தது. மாரி முன்னதாகவே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, கையில் போனை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒடிசாக்காரர்களுக்குச் சொல்லப் போகிற பதில் அதற்குள்தான் இருக்கும்.

“பெரியாத்தாக்கா, நெசத்தச் சொல்லுங்க. படத்தப் பாத்தீங்களா, இல்லீங்களா?”

“எங்கீங்க பாத்தம்? லிங்க்கத் தொட்டாக் காசு கட்டுங்குது. காசு கட்டி யாரு பாப்பாங்க?”

“அப்பறம் பன்னெண்டு பேரும் பக்கம் பக்கமா என்னத்தீங்க எழுதுனீங்க?”

“எப்பவும் பாக்காமத்தானுங்க எழுதிக் குடுப்பம். இந்த ஒருக்காத்தான் பாத்து எழுதுனமுங்க.” அவள் கத்தரியைக் கீழே வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே பெஞ்சைக் கை காட்டினாள். “அதைத்தானுங்க.”

சிவபிரகாஷ் பெஞ்சைப் பார்த்தான். ஃபைலைப் பார்த்தான். சர்க்கரை, இரண்டு ஆள் இடம், டம்ளர், ஆறிப்போன டீ. பன்னிரண்டு தாளும் அவன் கையிலிருந்து ஒவ்வொன்றாகச் சரிந்து தரையில் பரவின.

“அய்யோ அக்கா... இது மாரிக்குத் தெரிஞ்சா என்ன நெனைப்பாரு? அவரு படத்தப் பாத்துட்டு நல்ல மனசோட எழுதிக் குடுத்திருக்கறாரு. நீங்க இப்படி...”

டீ பெல் அடித்தது. பெரியாத்தாள் குனிந்து தாள்களைப் பொறுக்கி அடுக்கினாள். நாலு வருடமாக ‘சார்’ என்று கூப்பிட்டவள், அன்றைக்குத்தான் முதல்முறையாக வேறு மாதிரி கூப்பிட்டாள்.

“‘படம் கெடக்கட்டும்க்கா, நாலு வருசமா டீ டயத்துல எங்க ரெண்டு பேரையும் பாக்கியள்லா, அத எழுதிக் குடுங்க, அந்த மனுசனுக்கு ரிப்போர்ட்டாக் குடுத்தாத்தான் மண்டையில ஏறும்’னு எங்களுக்குப் பேப்பரும் பேனாவும் வாங்கியாந்து குடுத்ததே மாஸ்டருதானுங்க கண்ணு!”